வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும்

வெளிநாட்டு வேலை, அங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு அரசு தரும் உதவிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சவுதி அரேபியாவின் தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் 23 வருஷம் கேம்ப் கிளார்க்காக இருந்துவிட்டு, 2017-ல் ராமநாதபுரம் திரும்பியவர் பதில் சொல்கிறார்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். பாஸ்போர்ட்டில் ‘இசிஆர்’ என்று இருக்கிறது. துபாயில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஊர்க்காரப் பையன் ஒருவன் 1,20,000 ரூபாய் கேட்கிறான். ‘முதலில் விசிட் விசாவில் ஏறட்டும், அங்கே போனதும் கம்பெனி விசா அடித்துக்கொள்ளலாம்’ என்கிறான். நகையை அடகு வைத்து அனுப்பலாமா?
— ஒரு தாய், முதுகுளத்தூர்

அம்மா, நகை பெட்டியிலேயே இருக்கட்டும். இந்த வழியில் அனுப்ப வேண்டாம்.

உங்கள் மகன் பாஸ்போர்ட்டில் இருக்கும் அந்த மூன்று எழுத்துக்குக் ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்று அர்த்தம். அதைப் பலர் அவமானமாக நினைக்கிறார்கள். அவனுக்கு அதுதான் காவல். 1983-ம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். வளைகுடா நாடுகள் ஆறும் அந்தப் பட்டியலில் உண்டு, மலேசியாவும் உண்டு. இந்த அனுமதி ‘எமிகிரேட்’ என்ற அரசு இணையதளம் வழியாகத்தான் வரும். முதலாளி யார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம், ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்பதெல்லாம் அதில் பதிவாகும். கூடவே 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம் போட வேண்டும்.

விசிட் விசாவில் போகிறவர் சும்மா பார்க்கப் போகிறவர் என்பது கணக்கு. அதனால் அந்த அனுமதி கேட்கமாட்டார்கள். இந்த ஆட்கள் புகுந்து போகிற சந்து அதுதான். மகன் அங்கே சாரத்தில் ஏறி வேலை செய்வான். ஆனால் அவன் வேலைக்குப் போனான் என்பதற்கு இந்தியாவில் ஒரு காகிதம்கூட இருக்காது. காப்பீடும் இருக்காது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கேம்ப்புக்குப் பக்கத்து ரூமில் பரமக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். ‘ஃப்ரீ விசா’, அதாவது யாரிடம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். விசாவில் வீட்டு டிரைவர் என்று எழுதியிருந்தது, அவன் செய்தது சென்ட்ரிங் வேலை. பலகை சரிந்து கால் முறிந்தது. விசா கொடுத்த முதலாளியான கஃபீலிடம் கேட்டால், ‘அவன் என்னிடமிருந்து ஓடிப்போனவன்’ என்று ஏற்கெனவே எழுதிக்கொடுத்திருக்கிறார். அங்கே அதை ‘ஹுரூப்’ என்பார்கள். அந்தப் பெயர் விழுந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயம். கேம்ப்பில் ஆளுக்கு 20 ரியால் போட்டுத்தான் வைத்தியம் பார்த்தோம். காலில் கட்டோடு அவன் கேட்டதெல்லாம், ‘அண்ணே, ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ என்பதுதான். இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்த ஊர்க்காரப் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உன் ஏஜென்சியின் பதிவு எண் என்ன?’ பதிவு பெற்ற ஏஜென்சி என்றால் எமிகிரேட் தளத்தில் பெயர் இருக்கும். உரிமம் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். சப்-ஏஜென்ட் வைத்து ஆள் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. பதிவு பெற்ற ஏஜென்ட்கூட சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாய்தான் வாங்கலாம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். உங்களிடம் 1,20,000 கேட்கிறான் என்பதை வைத்தே மற்றதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

சவுதியில் லாரி டிரைவராக இருந்த என் அண்ணன் மாரடைப்பில் இறந்து 9 நாள் ஆகிறது. 11 வருஷம் ஒரே கம்பெனி. போன் செய்தால் ‘பேப்பர் வேலை நடக்கிறது’ என்கிறார்கள். உடலைக் கொண்டுவர நிறையச் செலவாகும் என்று யாரோ சொல்ல, ஊரில் வசூல் செய்துகொண்டிருக்கிறோம். அண்ணி சாப்பிடாமல் கிடக்கிறார். என்ன செய்ய?
— ஒரு தம்பி, திருவாடானை

தம்பி, உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் பேசினேன். அப்போது சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன், இன்னொரு வீட்டுக்கும் உதவும்.

முதலில் வசூலை நிறுத்துங்கள். ஊழியர் இறந்தால் உடலைப் பதப்படுத்தி, ஒப்பந்தம் செய்த இடத்துக்கோ சொந்த ஊருக்கோ அனுப்பும் செலவு முதலாளியுடையது என்று சவுதி தொழிலாளர் சட்டமே சொல்கிறது. கம்பெனி கைவிட்டால் இந்தியத் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. 2009-ல் தொடங்கினார்கள், 2017-ல் விதிகளை விரிவாக்கினார்கள். உடலை அனுப்புவது, அவசர மருத்துவம், சிக்கிக்கொண்டவருக்குத் தங்குமிடம், ஊர் திரும்ப டிக்கெட், வழக்கறிஞர் உதவி, சின்ன அபராதங்கள் என்று பலதுக்கும் அதிலிருந்து தருவார்கள். குடும்பத்தின் நிலையைப் பார்த்துத்தான் தருவார்கள், ஆகவே வசதி இல்லை என்பதை மனுவில் தெளிவாக எழுத வேண்டும்.

இந்த நிதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் நம் ஆட்கள் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதும் சான்றொப்பம் வாங்கும்போதும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தொகை கூடுதலாகக் கட்டுகிறார்கள். துபாயில் 8 திர்ஹம். உங்கள் அண்ணனும் 11 வருஷத்தில் கட்டியிருப்பார். அதனால் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கைநீட்டுவதாக நினைக்க வேண்டாம், அவர் போட்ட காசும் அதில் இருக்கிறது.

அடுத்து, தாமதம் எங்கே ஆகிறது என்பது. மருத்துவ அறிக்கை அல்லது இறப்புச் சான்றிதழ் வேண்டும். விபத்து என்றால் போலீஸ் அறிக்கையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். பாஸ்போர்ட்டைத் தூதரகம் ரத்து செய்து, ஆட்சேபமில்லை என்று கடிதம் தரும். உடலைப் பதப்படுத்திய சான்றும் சேர வேண்டும். இவை அந்தப் பக்கத்து வேலை. இந்தப் பக்கத்திலிருந்து போக வேண்டியது ஒன்றே ஒன்று: ‘உடலை ஊருக்கு அனுப்பச் சம்மதம், இன்னாரிடம் ஒப்படையுங்கள்’ என்று மனைவி கையெழுத்திட்டு, நோட்டரி சான்றளித்த கடிதம். எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு தாளுக்காகவே வாரக்கணக்கில் காத்துக்கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கம்பெனியில் ‘குடும்பத்திலிருந்து லெட்டர் வரவில்லை’ என்பார்கள். குடும்பத்தில் ‘யாரும் கேட்கவே இல்லையே’ என்பார்கள். அண்ணியிடம் இன்றே கையெழுத்து வாங்குங்கள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் இருக்க வேண்டும்.

அதோடு ‘மதத்’ தளத்தில் புகார் ஒன்று பதியுங்கள். வெளியுறவு அமைச்சகம் 2015-ல் தொடங்கியது, வீட்டிலிருந்து நீங்களே பதியலாம். ஓர் எண் வரும், பிறகு எப்போது பேசினாலும் அந்த எண்ணைச் சொல்லியே பேசுங்கள். சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் அயலகத் தமிழர் நல ஆணையரகம் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் வழியாக அங்கேயும் ஒரு மனு போகட்டும். விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வண்டி வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுதிவிடுங்கள்.

சடங்குகள் முடிந்த பிறகு செய்ய வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் நினைவில் வைக்கமாட்டார்கள். அண்ணனுக்குச் சேர வேண்டிய பணிக்கொடை இருக்கிறது. சவுதிக் கணக்கில் முதல் 5 வருஷத்துக்கு வருஷம் அரை மாதச் சம்பளம், அதற்குமேல் வருஷம் ஒரு மாதச் சம்பளம். 11 வருஷம் என்றால் எட்டரை மாதச் சம்பளம் வரும். பாக்கிச் சம்பளமும் எடுக்காத லீவுக்கான பணமும் தனி. உடலோடு வரும் பெட்டியில் கம்பெனி ஏதாவது கவர் வைத்து அனுப்பினால், ‘எல்லாம் தீர்ந்தது’ என்ற தாளில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. வாரிசுச் சான்றிதழ் எடுத்து, தூதரகத்துக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பினால் அவர்கள் கேட்டு வாங்குவார்கள். பணம் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் வழியாக வாரிசுகளுக்கு வந்து சேரும்.

முதல் பதிலில் சொன்ன அந்த 10 லட்சக் காப்பீடு விபத்துக்கு மட்டும்தான். மாரடைப்புக்கு வராது. யாராவது வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்டு வந்தால் நம்பாதீர்கள்.

வீட்டுக்காரர் 2 வருஷக் காப்பீடு போட்டுத்தான் கத்தார் போனார். போய் ஒரு வருஷத்தில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். காப்பீடு செல்லுமா?
— ஒரு வாசகி, கீழக்கரை

செல்லும். பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற அந்தக் காப்பீடு ஆளுக்குப் போடுவது, கம்பெனிக்குப் போடுவதில்லை. வேலை மாறினாலும், ஊர் மாறினாலும் காலம் முடியும்வரை இருக்கும். அவருக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. முடிவதற்குள் அங்கிருந்தே இணையத்தில் புதுப்பிக்கச் சொல்லுங்கள். கட்டணம் 2 வருஷத்துக்கு 275 ரூபாய், 3 வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. ஒரு வேளை பிரியாணிக் காசு. புதுப்பிக்க மறந்துவிட்டு விபத்தில் போனவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அந்த வீடுகளுக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

பாலிசியில் வாரிசு என்று யார் பெயர் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட பாலிசியில் அம்மா பெயர் இருக்கும், அது அப்படியே நின்றுவிடும்.

என் மகளுக்கு 26 வயது, எட்டாம் வகுப்புப் படிப்பு. மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போய்விட்டார், ஒரு பிள்ளை இருக்கிறது. குவைத்தில் வீட்டு வேலைக்கு அழைக்கிறார்கள். வயதை 31 என்று காட்டி வேறு பாஸ்போர்ட் எடுத்துத் தருவதாகப் பெண் ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார்.
— ஒரு தகப்பனார், அறந்தாங்கி

ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பாஸ்போர்ட்டைத் தொடாதீர்கள். பொய் வயதில் பாஸ்போர்ட் எடுப்பது குற்றம். மாட்டிக்கொள்வது உங்கள் மகள், அந்த ஏஜென்ட் இல்லை.

இசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்கள் 30 வயது ஆன பிறகுதான் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகலாம். 2016-லிருந்து அவர்களைத் தனியார் ஏஜென்ட்கள் அனுப்பவும் முடியாது, அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னையில் இருக்கிறது. இந்த விதி வயிற்றுப்பாட்டுக்குத் தடை போடுகிறது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. பிள்ளையோடு நிற்கும் பெண்ணிடம் இன்னும் நாலு வருஷம் பொறு என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாது. கட்டட வேலைக்காரனுக்கு அடி பட்டால் பக்கத்து ரூம்காரனுக்காவது தெரியும்.

போகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டியது: வளைகுடாவில் பல தூதரகங்களில் ஆபத்தில் சிக்கிய பெண்கள் தங்க இடம் இருக்கிறது. வீட்டைவிட்டு ஓடிவந்த பணிப்பெண்ணுக்கும், கையில் காகிதம் இல்லாதவருக்கும் அந்தச் சமூக நல நிதியிலிருந்து உதவி கிடைக்கும். பாஸ்போர்ட் முதலாளி கையில் இருந்தால்கூட ஊர் திரும்ப வழி உண்டு. 2013-ல் சவுதியில், உள்நாட்டுக்காரர்களுக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் விதியை ஒட்டி, காகிதம் சரியில்லாதவர்களுக்குச் சலுகைக் காலம் வந்தபோது வெள்ளிக்கிழமை தோறும் உட்கார்ந்து நம் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு அவசரச் சான்றிதழ் கொடுத்தார்கள், ‘அவுட்பாஸ்’ என்பார்கள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுத பெரிய பெரிய ஆண்களைப் பார்த்தேன்.

போகும்போது என்னென்ன காகிதத்தை வீட்டில் விட்டுப் போக வேண்டும்?
— ஒரு வாசகர், தொண்டி

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. எங்கள் பக்கத்தில் சபராளி வீடு, அதாவது வெளிநாடு போனவர் வீடு என்றால் அத்தர் பாட்டிலும் போர்வையும் இருக்கும், ஆனால் ஆள் எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று கேட்டால் ‘தம்மாம்’ என்பார்கள். தம்மாம் எவ்வளவு பெரிய ஊர்!

பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கம். விசா. கையெழுத்தான வேலை ஒப்பந்தம். குடிபெயர்வு அனுமதி. காப்பீட்டுத் தாள். ஏஜென்டுக்குப் பணம் கட்டிய ரசீது. போய்ச் சேர்ந்ததும் இக்காமா (சவுதியில் தரும் குடியிருப்பு அனுமதி அட்டை) அல்லது அந்த நாட்டு அடையாள அட்டையின் படம், கேம்ப் முகவரி, கூட இருக்கும் இரண்டு பேரின் எண். போனில் அனுப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். போன் உடையும், நம்பர் மாறும். அச்செடுத்து ஒரு கவரில் போட்டு, மனைவியிடமோ அம்மாவிடமோ கையில் கொடுங்கள். என் அம்மா அந்தக் கவரை ரேஷன் கார்டோடு சேர்த்து மஞ்சள் பையில் வைத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் 2004-ல் எனக்கு அங்கே விபத்து ஆனபோது, அந்தப் பையை எடுத்துக்கொண்டுதான் கலெக்டர் ஆபீஸ் படி ஏறினார்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசு உதவி எண்கள் இரண்டையும் கவரின் மேல் எழுதுங்கள். இந்தியாவுக்குள்ளிருந்து பேச 1800 11 3090. அமீரகத்தில் இருப்பவர் பேச 800 46342. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

கணவர் ஓமானில் எலக்ட்ரீஷியன். மகள் இங்கே கல்லூரியில் முதல் வருஷம். வெளிநாட்டு இந்தியர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை என்கிறார்களே, அது பணக்காரர்களுக்கா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

உங்களுக்கும்தான். புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்கான அந்த உதவித்தொகை வருஷத்துக்கு 150 பேருக்கு. அதில் 50 இடம் இசிஆர் நாடுகளில் வேலை செய்யும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு. அந்த 50-லும் மூன்றில் ஒரு பங்கு, அப்பா அங்கே இருக்க இங்கே இந்தியாவில் படிக்கும் பிள்ளைகளுக்கு. ஓமான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. படிப்புச் செலவில் 75 சதவீதம் அல்லது 4,000 டாலர், எது குறைவோ அது கிடைக்கும். எல்லாக் கல்லூரிக்கும் செல்லாது, மகளுடைய கல்லூரி தகுதிப் பட்டியலில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். கணவர் மஸ்கட் தூதரகத்தில் கேட்டு, தன் வேலைக்கான சான்றைத் தயார் செய்யட்டும். கேம்ப்பில் 23 வருஷம் இருந்த நான் இதைக் கேள்விப்பட்டது கடைசி வருஷத்தில்தான். என் காலத்தில் எத்தனை பிள்ளைகள் விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா வந்தவர். என் மகளுக்கு 22 வயது, தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. அவளுக்குத் தமிழ்நாட்டைக் காட்ட அரசு திட்டம் ஏதாவது இருக்கிறதா, அண்ணே?
— ஒரு வாசகி, கிள்ளான், மலேசியா

இரண்டு இருக்கிறது, தங்கச்சி. தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய ‘வேர்களைத் தேடி’ ஒன்று. அயலகத் தமிழ் இளைஞர்களை, 18 முதல் 30 வயது வரை, அழைத்து வந்து தமிழ்நாட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். மத்திய அரசின் ‘இந்தியாவை அறிவோம்’ திட்டம் இன்னொன்று, ஏறக்குறைய மூன்று வாரம். இந்தியாவுக்குள் தங்குவது, பயணம் எல்லாம் அவர்கள் செலவு. முழுதாகக் கலந்துகொண்டால் விமான டிக்கெட்டில் 90 சதவீதம் திரும்பத் தருவார்கள். தமிழ்தான் முக்கியம் என்றால் முதலாவதற்கு முயலுங்கள். எழுதப் படிக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது, 2001-லிருந்து நடக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம்.

கொள்ளுப்பேத்தி வரை ஓசிஐ (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தாத்தா இங்கே பிறந்தவர் என்பதற்கும், அவரிலிருந்து மகள் வரை உறவுக்கும் காகிதம் வேண்டும். எங்கள் பக்கத்தில் ரஜூலா கப்பலில் போய்த் திரும்பிய பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். தாத்தாவின் ஊர்ப் பெயரை, வீட்டில் எப்படி உச்சரிப்பீர்களோ அப்படியே எழுதி அனுப்புங்கள். விசாரித்துச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருந்தபடி ஓட்டுப் போடலாமா?
— ஒரு வாசகர், ஷார்ஜா

அங்கிருந்தபடி முடியாது. பெயரை மட்டும் அங்கிருந்தே சேர்க்கலாம். 2010-ல் சட்டம் திருத்தினார்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர்கள் படிவம் 6ஏ நிரப்பினால், பாஸ்போர்ட்டில் உள்ள முகவரித் தொகுதியில் பெயர் வரும். வாக்களிக்க நேரில் வர வேண்டும், அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். தபால் ஓட்டு கிடையாது. இது எனக்குப் பெரிய குறைதான். ஒரு மாத லீவை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வாங்குகிறவன் தேர்தல் தேதி பார்த்தா லீவு கேட்பான்?

நான் ஒரே ஒருமுறை அப்படிக் கேட்டேன். 2016 மே 16 சட்டமன்றத் தேர்தலுக்காக, மகள் கல்யாணப் பேச்சையும் அதே வாரத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். 22 வருஷத்தில் முதல் ஓட்டு. பூத்தில் இருந்த அலுவலர் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பி, சவுதி முத்திரைகளை எல்லாம் பார்த்துவிட்டு, ‘இதுக்காகவா வந்தீங்க?’ என்று கேட்டு விரலில் மை வைத்தார். தம்மாம் திரும்பிய பிறகும் அந்த மை கொஞ்ச நாள் இருந்தது. கேம்ப்பில் ஒவ்வொருவனும் கையைப் பிடித்துப் பார்த்தான்.